முகத் தசைக்கு ஒரு ஸ்கேன்

பாரிஸ் நகரத்தில் சால்பெட்ரியேர் என்று ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. 1850களில் டுஷேன் என்ற டாக்டர் அங்கே அடிக்கடி வந்துபோவார். பூலோன் என்ற கடலோர ஊரில் 1806-இல் பிறந்தவர். நோயாளிகளைப் பார்க்கும்போது ஒரு மின்கருவியையும் கையோடு வைத்திருப்பார். அதிலிருந்து நீளும் இரண்டு கம்பிகளின் முனைகளைத் தோல்மேல் வைத்தால், அடியில் இருக்கும் தசைக்கு இலேசாக மின்சாரம் பாயும். அந்தத் தசை மட்டும் சுருங்கும்.

கைகால் தசைகளை இப்படிச் சோதித்தவர், பிறகு முகத்துக்கு வந்தார். முகத்தில் மின்சாரம் பாய்ச்சினால் வலிக்காதா? வலிக்கும். அதனால் அவர் பெரும்பாலும் ஒரு முதியவரை வைத்தே இந்தச் சோதனைகளைச் செய்தார். பல் போன, மெலிந்த முகம் அது. அந்த முகத்தில் உணர்ச்சி மரத்துப்போயிருந்தது. கம்பியைக் கன்னத்தில் ஓரிடத்தில் வைத்தால் முதியவரின் வாயோரம் மேலே ஏறும். நெற்றியில் வைத்தால் புருவம் உயரும். இன்னோர் இடத்தில் வைத்தால், பயத்தில் அலறுபவர் போல முகம் மாறும். அவர் மனசில் பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை. தசைகள் மட்டும் வேலை செய்தன. இவற்றையெல்லாம் போட்டோ எடுத்து 1862-இல் டுஷேன் புத்தகமாக வெளியிட்டார். அந்தக் காலத்தில் போட்டோ என்பதே புதிது. பத்து ஆண்டு கழித்து, 1872-இல், மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சிகளை எப்படிக் காட்டுகிறார்கள் என்று சார்லஸ் டார்வின் ஒரு நூல் எழுதினார். அதில் டுஷேனின் படங்களையும் சேர்த்துக்கொண்டார்.

டுஷேன் கண்டுபிடித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். கன்னத்துத் தசையை மட்டும் சுருங்க வைத்தபோது முதியவரின் வாய் சிரித்தது. ஆனால் பார்ப்பவர்களுக்கு அது சிரிப்பாகவே தோன்றவில்லை. நாம் உண்மையாக மகிழும்போது, கண்ணைச் சுற்றியிருக்கும் வட்டத் தசையும் கூடவே சுருங்குகிறது. வாயோரத்தை நினைத்தபோது தூக்கிவிடலாம். கண்ணோரத்தை அப்படி எளிதில் ஏவ முடியாது. வீட்டில் கல்யாண ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். போட்டோக்காரர் சொன்னதற்காகச் சிரித்தவர் யார், மனம் நிறைந்து சிரித்தவர் யார் என்று கண்ணோரச் சுருக்கத்தை வைத்துப் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

இதே டுஷேன்தான், சிறுவர்களின் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்துபோகும் ஒரு நோயை விரிவாக ஆராய்ந்து எழுதியவர். அந்த நோய்க்கே ‘டுஷேன் தசைச் சிதைவு’ என்று பெயர். புன்னகையை ஆராய்ந்தவரும் தசை நோயை ஆராய்ந்தவரும் ஒருவரே. இருந்தாலும் முகத்தை அவரால் வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. உயிரோடு இருக்கும் ஒருவரின் தோலுக்கு அடியில் முகத் தசை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அன்று வழியில்லை. இன்று இருக்கிறது. வெட்ட வேண்டாம், குத்த வேண்டாம். அதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

முதலில், முகத் தசைகள் மற்ற தசைகளிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கையை மடக்கி மேற்கையைத் தொட்டுப் பாருங்கள். உருண்டு திரண்டு நிற்கும் அந்தத் தசை, ஓர் எலும்பில் தொடங்கி இன்னோர் எலும்பில் முடிகிறது. அது சுருங்கினால் எலும்பு அசையும். முகத்தில் பெரும்பாலான தசைகள் எலும்பில் தொடங்கித் தோலில் முடிகின்றன. அதனால் அவை சுருங்கும்போது தோல் அசைகிறது. தோல் அசைவதைத்தான் நாம் சிரிப்பு என்றும் அழுகை என்றும் முறைப்பு என்றும் படிக்கிறோம். முகத்தின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20 தசைகள். இரண்டு பக்கமும் சேர்த்தால் சுமார் 40. எல்லாம் மெல்லியவை. பலவற்றின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். சில அதைவிடவும் மெல்லியவை. ஒன்றின்மேல் ஒன்று படிந்தும், ஒன்றோடொன்று பின்னியும் கிடக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் கட்டளை கொண்டுவருவது ஒரே நரம்பு. மூளையிலிருந்து நேராகப் புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் ஏழாவது அது. முக நரம்பு என்று பெயர். காதுக்கு அடியில் மண்டையோட்டில் இருக்கும் ஒரு சிறு துளை வழியாக வெளியே வந்து, கன்னத்தில் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. மெல்லும் தசைகள் இதன் ஆட்சியில் இல்லை. அவற்றை ஐந்தாவது நரம்பு பார்த்துக்கொள்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தாடையோரத்தைத் தொட்டால் கெட்டியாக ஒன்று புடைக்கும். அது மெல்லும் தசை.

முகத் தசைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி அமைந்திருப்பதும் இல்லை. வாயோரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் ஒரு சிறு தசை பலருக்கு இருக்கவே இருக்காது. கன்னக்குழி விழுகிறவர்களுக்கு, வாயோரத்தைத் தூக்கும் தசை இரண்டாகப் பிரிந்திருப்பதுதான் காரணம் என்று உடற்கூறு அறிஞர்கள் சொல்கிறார்கள். முகத்தைப் படம் பிடிக்கிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. ஒருவர் முகத்தில் பார்த்த தசை அடுத்தவர் முகத்தில் அதே இடத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது.

இனி நோய்க்கு வருவோம். நரம்பு, தசை, அவை இரண்டும் சந்திக்கும் இடம், இவற்றில் எங்கே கோளாறு வந்தாலும் அது நரம்புத்தசை நோய். அந்தக் குடும்பத்தில் பல நோய்கள் உண்டு. முகத்தோடு மிகவும் சம்பந்தப்பட்ட ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். லாண்டூசி, டெஜரின் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் 1885-இல் அதை விளக்கி எழுதினார்கள். முகம், தோள்பட்டை, மேற்கை ஆகிய மூன்று இடங்களையும் பெயரிலேயே சேர்த்துக்கொண்ட நோய் அது. பெயர் நீளமாக இருப்பதால் டாக்டர்கள் எஃப்.எஸ்.எச்.டி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு நரம்பு நன்றாகவே இருக்கும். கட்டளை ஒழுங்காக வந்து சேரும். ஆனால் தசை நார்கள் ஒவ்வொன்றாகச் சிதைந்துபோகும். சிதைந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏன் இப்படி ஆகிறது? நம் செல்களில் இருக்கும் 23 ஜோடி குரோமோசோம்களில் நான்காவதின் நுனியில், டி.என்.ஏ.யின் ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. பொதுவாக 11 முதல் 100 தடவை வரை வரும். இந்த நோய் உள்ள பெரும்பாலோருக்குப் பத்தோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். அந்தப் பகுதி குறுகிப்போனதால், அங்கே உறங்கிக் கிடக்க வேண்டிய டக்ஸ்4 என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. நாம் கருவாக இருந்த முதல் சில நாட்களில் மட்டும் வேலை செய்துவிட்டு அடங்கிப்போக வேண்டிய மரபணு அது. தசைக்குள் விழித்துக்கொண்டால் தசை நாருக்கே நஞ்சாகிவிடுகிறது. 1885-இல் எழுதப்பட்ட நோயின் இந்த ரகசியம் 2010-இல்தான் அவிழ்ந்தது. 125 ஆண்டுகள்!

இந்த நோய் பெரும்பாலும் பதின்வயதில் தெரியவரும்; சிலருக்குச் சின்ன வயதிலேயே தொடங்கும். சீழ்க்கை அடிக்க வராது. பலூன் ஊத முடியாது. ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சச் சிரமப்படுவார்கள். தூங்கும்போது கண் முழுவதும் மூடாமல் ஒரு கோடு திறந்திருக்கும். காலையில் கண் காய்ந்து உறுத்தும். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போகும். பேச்சும் கொஞ்சம் மாறலாம். உதடுகள் ஒட்டாமல் ‘அம்மா’, ‘அப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். முடியாது. ப, ம இரண்டுக்கும் உதடுகள் ஒட்டியாக வேண்டும். உ, ஊ, ஒ, ஓ எல்லாவற்றுக்கும் உதடுகள் குவிந்தாக வேண்டும். உதட்டைச் சுற்றியிருக்கும் வட்டத் தசை தளர்ந்துபோனால், இந்த எழுத்துகளெல்லாம் மங்கலாக ஒலிக்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. சிரிக்க வேண்டிய தசை சுருங்காதபோது, பார்ப்பவர்கள் அந்த முகத்தைத் தப்பாகப் படித்துவிடுகிறார்கள். ‘உம்மணாமூஞ்சி’ என்கிறார்கள். ‘பரிசு கொடுத்தேன், முகத்தில் ஒரு சந்தோஷம் இல்லை’ என்கிறார்கள். ஆசிரியர் பாடம் நடத்தும்போது ‘கவனிக்கவே இல்லை’ என்று நினைத்துக்கொள்கிறார். அந்தக் குழந்தை உள்ளே சிரித்துக்கொண்டிருக்கிறது. சிரிப்பை வெளியே கொண்டுவரும் தசைக்குத்தான் வலு இல்லை.

சரி, டாக்டர் இதை எப்படிச் சோதிப்பார்? ‘கண்ணை இறுக்கி மூடு’, ‘கன்னத்தை உப்பிக் காட்டு’, ‘உதட்டைக் குவி’, ‘பல்லைக் காட்டு’ என்று சொல்வார். கவனித்துப் பார்த்து, எவ்வளவு பலவீனம் என்று எழுதிக்கொள்வார். அனுபவமுள்ள கண் நிறையக் கண்டுபிடித்துவிடும். ஆனாலும் கண்ணால் போடும் மதிப்பெண்ணில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் ‘கொஞ்சம் பலவீனம்’ என்பதை இன்னொருவர் ‘நடுத்தரம்’ என்று எழுதுவார். இந்த நோய் மிக மெதுவாக வளர்வது. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடந்த சின்ன மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தசைக்குள் ஊசியைச் செலுத்தி அதன் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் சோதனை இருக்கிறது. முகத்தில் அதைச் செய்தால் வலிக்கும். தசையில் ஒரு துணுக்கை வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கலாம். முகத்தில் வடு விழ யார் சம்மதிப்பார்? ஆக, தசையைத் தொடாமலே பார்க்க ஒரு வழி வேண்டியிருந்தது.

முதல் வழி, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.

நம் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அதற்கு மேற்பட்ட ஒலிக்கு மீயொலி என்று பெயர். வயிற்றை ஸ்கேன் செய்யும் கருவி நொடிக்குச் சில பத்து லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை அனுப்புகிறது. முகத்துக்கு அது போதாது. நொடிக்கு ஒன்றரைக் கோடி அதிர்வு வரை, சில கருவிகளில் அதற்கு மேலும், அனுப்புகிறார்கள். ஏன் இவ்வளவு? உடம்பின் மென்மையான பகுதிகளில் ஒலி நொடிக்கு சுமார் 1,540 மீட்டர் ஓடுகிறது. அதை ஒன்றரைக் கோடியால் வகுத்துப் பாருங்கள். ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்று வரும். அலை சிறிதாக இருந்தால்தான் சிறிய பொருள் துல்லியமாகத் தெரியும். சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள தசையைப் பார்க்க இவ்வளவு சிறிய அலை வேண்டும். இப்படிப்பட்ட ஒலியால் உடம்புக்குள் ஆழமாகப் போக முடியாது என்பது உண்மைதான். முகத் தசைகள் தோலை ஒட்டியே இருப்பதால் அது இங்கே குறையில்லை.

கருவியின் கைப்பிடியில் இருக்கும் ஒரு வகைப் படிகம், மின்சாரம் கொடுத்தால் அதிரும்; அதிர்வு வந்து மோதினால் மின்சாரம் கொடுக்கும். படிகங்கள் இப்படி மின்சாரம் கொடுக்கும் குணத்தை பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக் கியூரியும் 1880-இல் கண்டுபிடித்தார்கள். ஒரே கைப்பிடி ஒலியை அனுப்பவும் செய்கிறது, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கவும் செய்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கினால், அதில் 13 கூறு. இந்த நேரத்தை அளந்து, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு பலமாக எதிரொலி வந்தது என்று கணக்கிட்டுக் கருவி படம் வரைகிறது. பலமான எதிரொலி வந்த இடம் வெள்ளை. எதிரொலி வராத இடம் கறுப்பு. நடுவில் இருப்பதெல்லாம் சாம்பல்.

எதிரொலி எங்கே பிறக்கிறது? ஒரு வகைத் திசு முடிந்து இன்னொரு வகை தொடங்கும் எல்லையில். ஆரோக்கியமான தசையில் நார்கள் ஒரே சீராக அடுக்கியிருப்பதால் உள்ளே எல்லைகள் குறைவு. படத்தில் தசை கறுப்பாகத் தெரியும். நடுவே சில வெள்ளைக் கோடுகள் ஓடும். நோயுற்ற தசையில் தசை நார், கொழுப்பு, நார்த்திசு, மறுபடி தசை நார் என்று எல்லாம் கலந்து கிடக்கும். பார்க்கும் இடமெல்லாம் எல்லை. எதிரொலி நாலா பக்கமும் கிளம்பித் தசையே வெள்ளையாகிவிடும்.

லண்டனில் ஜான் ஹெக்மாட், விக்டர் டுபோவிட்ஸ் என்ற டாக்டர்களும் அவர்களுடைய குழுவும் 1980-இல் இதைக் கண்டு எழுதினார்கள். டுபோவிட்ஸ் குழந்தைகளின் தசை நோய்களுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர். 1982-இல் அவர்கள் நான்கு படிகள் கொண்ட ஓர் அளவுகோலையும் வகுத்தார்கள். முதல் படி, தசை கறுப்பு. அடியில் இருக்கும் எலும்பு வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று தெரியும். நான்காம் படி, தசை முழுக்க வெள்ளை. எலும்புக் கோடு காணாமலே போய்விடும், ஏனென்றால் ஒலி அதுவரை போய்ச் சேரவில்லை. தொடைத் தசைக்கு இந்த அளவுகோல் அருமையாகப் பொருந்துகிறது. இன்றும் டாக்டர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

முகத்தில் அது அவ்வளவு எளிதாகப் பொருந்தவில்லை. கன்னத்தில் பல இடங்களில் தசைக்குப் பின்னால் எலும்பே இல்லை. குழந்தைகளின் கன்னத்தில் இயல்பாகவே கொழுப்பு உண்டு. அது நோயின் கொழுப்பு இல்லை. கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தினாலும் மெல்லிய தசை நசுங்கி இன்னும் மெல்லியதாகத் தெரியும். அதனால் முகத்தை ஸ்கேன் செய்கிறவர் நிறைய ஜெல் தடவி, அழுத்தமே இல்லாமல், கைப்பிடி ஜெல்லில் மிதக்கும்படி பிடிக்க வேண்டும். ஜெல் எதற்கு என்று கேட்பீர்கள். தோலுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிடும். அந்தக் காற்றை ஜெல் விரட்டுகிறது. தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். சோதனையில் குழந்தைகள் முகம் சுளிப்பது பெரும்பாலும் அதற்காகத்தான்.

‘வெள்ளையாக இருக்கிறது’ என்று கண்ணால் சொன்னால் பழைய சிக்கல் திரும்பி வந்துவிடும். ஒருவருக்கு வெள்ளை, இன்னொருவருக்குச் சாம்பல். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் இருக்கும் ராட்பௌட் பல்கலைக்கழக மருத்துவமனையினர் இதைக் கணக்காக்குவதில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். படத்தில் தசை இருக்கும் பகுதியைச் சுற்றி ஒரு கோடு வரைகிறார்கள். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் எண் உண்டு: முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்தத் தசைக்கு ஓர் எண் கிடைத்துவிடும். ஆனால் எண் கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. வயதானால் ஆரோக்கியமான தசையும் கொஞ்சம் வெளுக்கும். ஒரே தசை இரண்டு வெவ்வேறு கருவிகளில் இரண்டு எண்களைக் கொடுக்கும். அதனால் நோயில்லாத பலருடைய முகங்களை முதலில் அதே கருவியில் அளந்து, இந்த வயதில் இது இயல்பு என்று அட்டவணை போட்டுக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் யேனா நகர ஆய்வாளர்கள் 2014-இல் ஆரோக்கியமான பெரியவர்களின் முகத் தசைகளை இப்படி அளந்து வெளியிட்டார்கள். தசை தளர்ந்திருக்கும்போது எவ்வளவு தடிமன், சுருங்கும்போது எவ்வளவு தடிமன் என்று இரண்டையும் அளந்தார்கள். நோயாளிக்கு உதவ, ஒரு நோயும் இல்லாதவர்கள் வந்து படுத்துத் தங்கள் முகத்தை அளக்கக் கொடுத்திருக்கிறார்கள். இது எனக்கு மிகவும் பெரிய விஷயமாகப் படுகிறது.

அல்ட்ராசவுண்டில் இன்னொரு வசதி, அது ஓடும் படம். ‘சிரி’ என்றால் தசை தடிப்பதை அந்தக் கணமே திரையில் பார்க்கலாம். எஃப்.எஸ்.எச்.டி.யில் பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் பாதிக்கப்படும். இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்துப் பார்த்துவிடலாம். நரம்பு பழுதாகும் சில நோய்களில் நாக்குத் தசை தானாகவே துடிதுடிக்கும். தாடைக்கு அடியில் கைப்பிடியை வைத்து அந்தத் துடிப்பையும் பார்க்கிறார்கள்.

இரண்டாவது வழி, எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ஒரு பெரிய குழாய்க்குள் படுக்க வைத்து எடுப்பார்களே, அதுதான். எக்ஸ்ரே கதிர் இதிலும் கிடையாது. பெரிய காந்தம், ரேடியோ அலை, அவ்வளவுதான். காந்தத்தின் பலம் வழக்கமாக 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தத்தைவிட இது 30,000 மடங்குக்கும் அதிகம். சாவி, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்வது அதனால்தான்.

நம் உடம்பில் நீரும் கொழுப்பும் நிறைய. இரண்டிலும் ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. அந்த அணுக்களின் கருக்கள், காந்தத்துக்குள் போனதும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தலையசைத்துச் சுழல்கின்றன. 1.5 டெஸ்லா காந்தத்தில் நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம் தடவை. அதே எண்ணிக்கை கொண்ட ரேடியோ அலையை அனுப்பினால், அணுக்கருக்கள் அதை வாங்கிக்கொண்டு பதில் ரேடியோ அலை தருகின்றன. நொடிக்குப் பத்து லட்சம் தடவை என்பது ஒரு மெகாஹெர்ட்ஸ். எஃப்.எம். வானொலியின் அலைவரிசைகள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்தப் பதில் 64-இல் வருகிறது. அந்தப் பதிலைப் படமாக்க வழி கண்ட பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஓர் அழகான நுணுக்கம் இருக்கிறது. கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜன், நீரில் இருப்பதைவிட நொடிக்குச் சுமார் 220 தடவை குறைவாகச் சுழல்கிறது. 6 கோடியே 40 லட்சத்தில் வெறும் 220! அந்தச் சின்ன வித்தியாசத்தால், நீரும் கொழுப்பும் அனுப்பும் அலைகள் ஒரு கணத்தில் சேர்ந்து ஒலிக்கின்றன. இன்னொரு கணத்தில் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. தாமஸ் டிக்சன் என்ற அறிவியலாளர் 1984-இல் இதைப் பிடித்துக்கொண்டார். சேர்ந்திருக்கும் கணத்தில் ஒரு படம். அதில் நீரும் கொழுப்பும் கூட்டலாக வரும். எதிராக இருக்கும் கணத்தில் ஒரு படம். அதில் நீரிலிருந்து கொழுப்பு கழிந்து வரும். கூட்டல் 100, கழித்தல் 60 என்றால் நீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு? காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். நீர் 80, கொழுப்பு 20. உங்கள் பள்ளிக் கணக்குதான். ஒவ்வொரு புள்ளிக்கும் இதைச் செய்தால், பால் சங்கத்தில் பாலின் கொழுப்பைச் சதவீதத்தில் சொல்வதுபோல, தசையின் கொழுப்பையும் சதவீதத்தில் சொல்லிவிடலாம். ஆரோக்கியமான தசையில் அது நூற்றுக்குச் சில பங்குதான். சிதைந்த தசையில் ஏறிக்கொண்டே போகும். கொழுப்பு நிரம்புவதற்கு முன்னால் சில தசைகளில் நீர் கோத்து வீங்கியிருக்கும். அந்த வீக்கத்தைப் பிடித்துக் காட்டும் எம்.ஆர்.ஐ. படமும் உண்டு. தசை முழுவதும் போன பிறகு பார்ப்பதைவிட, போகப்போகிறது என்று அறிவது பயனுள்ளது.

எம்.ஆர்.ஐ.யில் சிரமங்களும் உண்டு. உள்ளே ‘டங் டங்’ என்று பெரிய சத்தம் கேட்கும். காதுக்கு மூடி தருவார்கள். அரை மணி நேரம்கூட அசையாமல் படுத்திருக்க வேண்டியிருக்கும். முகத்தைப் படம் எடுக்கும்போது கண் உருண்டாலும், எச்சில் விழுங்கினாலும் படம் கலங்கும். பல்லுக்கு உலோகக் கிளிப் போட்டிருந்தால் அதைச் சுற்றிய பகுதி படத்தில் கோணல்மாணலாகிவிடும். செலவும் அதிகம். குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அல்ட்ராசவுண்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அம்மாவின் மடியில் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும். ஆழத்தில் மறைந்திருக்கும் தசைகளையும், முகம் முழுவதையும் ஒரே படமாகப் பார்க்க வேண்டும் என்றால் எம்.ஆர்.ஐ.க்குப் போகலாம்.

எந்தெந்தத் தசை பழுதாகியிருக்கிறது என்பதே டாக்டருக்கு ஒரு துப்பு. மயோடானிக் டிஸ்ட்ரோபி என்று ஒரு நோய் உண்டு. அதில் மெல்லும் தசையும் நெற்றிப்பொட்டில் இருக்கும் தசையும் மெலிந்து, முகம் நீண்டு ஒடுங்கியதாகத் தெரியும். கைகுலுக்கினால் பிடித்த கையைச் சட்டென்று விட வராது. மயஸ்தீனியா கிராவிஸ் என்பது முற்றிலும் வேறு. அதில் தசை நார் நன்றாக இருக்கும், நரம்பும் நன்றாக இருக்கும். நரம்பு அனுப்பும் ரசாயனச் செய்தியைத் தசை வாங்கும் இடத்தில், நம் உடம்பின் நோய் எதிர்ப்புப் படையே தவறுதலாகப் போய் அடைத்துக்கொள்ளும். காலையில் திறந்திருக்கும் இமை சாயங்காலம் தானாகத் தொங்கும். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி உயரும். இந்த நோயில் தசையைப் படம் எடுத்தால் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதுவும் ஒரு விடைதான்: முகம் தளர்ந்திருக்கிறது, தசை சிதையவில்லை, அப்படியானால் கோளாறு வேறிடத்தில். மயஸ்தீனியாவுக்கு நல்ல மருந்துகள் இருப்பதால், இதைச் சீக்கிரம் பிரித்தறிவது முக்கியம்.

எஃப்.எஸ்.எச்.டி.யை நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. டக்ஸ்4 மரபணுவை மறுபடி உறங்க வைக்கும் முயற்சிகள் பல நாடுகளில் நடந்துவருகின்றன. ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, ‘முகம் கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கிறது’ என்று சொன்னால் அறிவியல் ஒப்புக்கொள்ளாது. மருந்துக்கு முன் தசையில் கொழுப்பு எவ்வளவு, ஒரு வருஷத்துக்குப் பின் எவ்வளவு என்று எண் வேண்டும். மெதுவாக நகரும் நோயில் மருந்து வேலை செய்கிறதா என்று அந்த எண்தான் சொல்ல முடியும். முகத் தசைகளை அளக்கும் வேலைக்கு இவ்வளவு பேர் மெனக்கெடுவது அதற்காகத்தான்.

ஸ்கேன் தசையைக் காட்டும். அந்த முகத்துக்கு உரியவர் சந்தோஷமாக இருக்கிறாரா என்பது எந்தப் படத்திலும் வராது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அவரிடமே கேட்பது. உங்கள் வகுப்பில், தெருவில், சொந்தத்தில் சிரிக்காத முகம் ஒன்று இருந்தால், ‘உனக்கு இது பிடிச்சிருக்கா?’ என்று கேளுங்கள். பதிலில் ப, ம சரியாக ஒலிக்காவிட்டாலும் முழுவதையும் கேளுங்கள். விளையாட வருகிறாயா என்றும் கேளுங்கள்.